நாற்பத்தேழு முறை போன தூது

ஜன்னலைத் திறந்தால் தெரிகிற மழையை, ஜன்னலைத் திறக்காமல் தெரிந்துகொள்வதற்காக நான் ஐந்து மாதம் உழைத்திருக்கிறேன். யாரோ சொல்லி உங்களுக்குத் தெரிவதைவிட நானே முந்திக்கொள்வது கௌரவம். ஊசியில் நூல் கோக்க அடுத்தவரைக் கூப்பிடுகிற ஐம்பத்து மூன்று வயதில், சட்டைப்பையில் நல்ல போன் ஒன்று இருக்க, எண்பதுகளில் செய்த ஒரு கம்ப்யூட்டரை இணையத்தோடு சேர்க்கிறேன் என்று சாலிடரிங் அயர்னைப் பிடித்தேன். அந்தப் பெட்டி முதன்முதலாக ராயபுரத்து வானிலையைக் கொண்டுவந்து திரையில் கொட்டப் பதினோரு நிமிடம் ஆனது. ‘லேசான மழை’ என்றது. அதற்குள் மழை நின்று, எதிர்மாடிப் பெண்மணி துணி உலர்த்திக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று அலுவலகத்தில் எனக்கு வயிற்றுப்போக்கு என்று சொல்லியிருந்தேன்.

இப்படி ஒரு கூட்டம் இருக்கிறது. பெங்களூரில் ஒருவர், கோயம்புத்தூரில் ஒருவர், நாகர்கோவிலில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என்று ஊருக்கு ஒருவராக விழுந்த விதை. தட்டெழுத்துப் பலகைக்குள்ளேயே மூளையை வைத்து, வீட்டு டிவியில் செருகிப் பார்க்கும்படி அந்தக் காலத்தில் விற்றார்களே, அந்த ரகக் கம்ப்யூட்டர்களைத் தேடிப்பிடித்து உயிர் கொடுத்து, ஒருவருக்கொருவர் ‘வணக்கம்’ அனுப்பிக்கொள்வது இவர்களுடைய இகலோக லட்சியம். வணக்கம் போய்ச் சேர்ந்ததா என்று உடனே போனில் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்வார்கள். சூட்சுமம் முழுவதும் தீப்பெட்டி அளவுள்ள ஒரு சின்ன சர்க்யூட்டில் இருக்கிறது. அது வீட்டு வை-ஃபையைப் பிடித்துக்கொண்டு, பழைய பெட்டியின் முதுகில் உட்கார்ந்து, ‘நான்தான் டெலிபோன், நீ நம்பரைச் சுழற்று’ என்று பொய் சொல்லும். பெட்டியும் நம்பிச் சுழற்றும். உலகம் மாறிப்போனதை அதற்கு யாரும் சொல்வதில்லை. குடும்பத்தில் வயதான ஆண்களை நடத்துகிற அதே முறைதான்.

நான் துறைமுகத்துக்கு அருகே, கப்பல் சரக்குக்குச் சுங்கத்தில் காகிதம் நகர்த்துகிற ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவை எழுதுகிறேன். சிரித்தவர்கள் கடிதம் போடுவதில்லை. ஒரு நாள் டீக்கடையில் போனில் பழைய கம்ப்யூட்டர் படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்றவர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார், பொண்ணு போட்டோ பாக்குற மாதிரி பாக்குறீங்க? இதே பொட்டி எங்க வூட்டு பரண் மேல கீது.”

“ஓடுதா?”

“ஓட்னா அது ஏன் சார் பரண் மேல கீது?”

அவர் துறைமுகத்தில் கிரேன் எலக்ட்ரீஷியன். நூறடி உயரத்தில் தொங்குகிற கோளாறை, வாயில் டெஸ்டரைக் கவ்விக்கொண்டு ஏறி, இறங்குவதற்குள் சரிசெய்துவிட்டு வருகிற ஆள். முதல் வாரம் என்னை ‘சார்’ என்றார். இரண்டாம் மாதம் ‘மாமு’ ஆனேன். நான் செய்த சாலிடரிங்கைப் பார்த்த பிறகு அந்த ‘மாமு’வில் ஓர் இரக்கமும் சேர்ந்துகொண்டது.

பெட்டியின் கதையை அவர் சொன்னது பரணிலிருந்து அதை இறக்கிய அன்று. அவருடைய அண்ணன் கப்பலில் வேலை பார்த்தவர். ஜப்பான் துறைமுகம் ஒன்றில் வாங்கி, துணிக்குள் சுற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்தார். தெருவே கூடி நின்று பார்த்த முதல் கம்ப்யூட்டர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் வந்ததும், அண்ணன் பெருந்தன்மையாக, பதினொரு வயதுத் தம்பியைக் கூப்பிட்டு, “நீ ஸ்விட்ச் போடுறா” என்றாராம். தம்பி போட்டார். ஒன்றும் வரவில்லை. “ஒட்ச்சிட்டியேடா!” என்றார் அண்ணன்.

அன்றிலிருந்து என் நண்பர் ‘ஒட்ச்சவன்’. கல்யாண வீட்டில் கேமராவைத் தொட்டால் அண்ணன் குரல் வரும்: “அவன் கைல குடுக்காதீங்கபா.” மிக்ஸி, கிட்டார், புது சைக்கிள், எதுவானாலும் அதே. துறைமுகத்தில் இவர் கையை நம்பி முப்பது டன் இரும்பு தலைக்கு மேல் ஆடுகிறது. வீட்டில் ஒரு டார்ச் லைட்டை நம்பிக் கொடுக்க ஆளில்லை.

இதையும் அவர் பொறுத்திருப்பார். மூன்று வருடத்துக்கு முன் அண்ணனுடைய பேத்திக்கு ஞானஸ்நானம். குழந்தையைக் கையில் ஏந்தி நிற்கிற ஞானத்தகப்பன் இவர்தான் என்று பேசி முடிவாகி, புது வேட்டி கட்டிக்கொண்டு, கோயில் வாசலில் குழந்தையைக் கையில் வாங்கினார். அண்ணன் பழக்க தோஷத்தில் குழந்தையைப் பிடுங்கி, பக்கத்திலிருந்த வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு, ஊரே கேட்கச் சொன்னாராம்:

“மொதல்ல அந்த மிஷின ஓட்டிக் காட்டு. அப்பால கொயந்தயத் தூக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, போனில் அண்ணன் நம்பரை முடக்கிப்போட்டார். அவர் மணலி புதுநகரில், இவர் ராயபுரத்தில். நடுவில் கண்டெய்னர் லாரிகள் மட்டும்தான் போய் வந்தன. குழந்தையை அதற்குப் பிறகு இவர் தொட்டதில்லை.

“வீடியோ எடுத்து அனுப்பிடலாமே, பெட்டி ஓடுறத?” என்றேன்.

“யாரு பொட்டியோன்னு சொல்லிடுவான் மாமு. எங்க அண்ணன் உனுக்குத் தெரியாது. அந்தப் பொட்டியே அவனாண்ட பேசணும். பொட்டியே, ‘நான் நல்லாத்தான் கீறேன், என்னிய யாரும் ஒடைக்கல’ன்னு சொல்லணும். அப்பதான் வருவான். வந்து அவன் கையால கொயந்தயக் குடுக்கணும்.”

நம் இலக்கியத்தில் அன்னத்தைத் தூது விட்டிருக்கிறார்கள். கிளியை, மேகத்தை, தென்றலை, தமிழையே கூட விட்டிருக்கிறார்கள். இவர் விடச் சொன்னது பரண் மேல் எலி குட்டி போட்ட ஒரு பெட்டியை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த வயதில் சிலிர்ப்பை நம்பக்கூடாது என்று எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

திறந்து பார்த்ததில் பெட்டிக்குள் பெரிய சேதமில்லை. வெளியே தனியாக இருந்த மின்சாரக் கட்டைதான் கருகிக் கரிக்கட்டையாக இருந்தது. ஜப்பானில் அழுத்தம் நூறு வோல்ட். நம் ஊரில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். நேராகச் செருகினால் வேறென்ன ஆகும்?

“அப்ப நீங்க ஸ்விட்ச் போட்டதும் புகைஞ்சிருக்கும்,” என்றேன், ரொம்பத் தெரிந்தவன் போல.

“பொகையே வரல மாமு. ஒரு வாசன கூட இல்ல. எனுக்கு மூக்கு கீதுல்ல?”

“பயத்துல கவனிச்சிருக்க மாட்டீங்க.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கருகிய கட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, வேறொன்று செய்து பொருத்தினார். டிவியில் நீலத்திரை வந்தது. மூலையில் ஒரு சின்னக் கட்டம் கண் சிமிட்டியது. அவர் சிலுவை போட்டுக்கொண்டார். அவருடைய மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “ஓ, எரியுதா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். டிவியில் தொடர் பார்க்க முடியாமல் போன கவலையாக இருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்தது இணையம். அது என் இலாகா. தீப்பெட்டி சர்க்யூட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஐந்து கம்பி இணைக்கவேண்டும் என்று குழுவில் வந்த படம் சொன்னது. நான் மூன்றோடு நிறுத்திவிட்டேன். பழைய கம்ப்யூட்டர்க்காரர்களுக்கு இது ஒரு மதம். போக ஒன்று, வர ஒன்று, பூமிக்கு ஒன்று. மற்றதெல்லாம் கம்பெனிக்காரன் பம்மாத்து என்று ஆளுக்கு ஆள் சொல்வோம். சொல்கிற ஒருவனாவது அந்த மிச்சக் கம்பி எதற்கு என்று படித்தவன் கிடையாது.

“இந்த ரெண்டு?” என்று கேட்டார் நண்பர்.

“சும்மா அலங்காரம்.”

“மாமு, கிரேன்ல இப்டி ரெண்டு ஒயர அலங்காரம்னு வுட்டா, கீய நிக்கிறவன் போட்டோவுக்கு அலங்காரம் பண்ண வேண்டியதுதான்.”

“இது கிரேன் இல்ல, கம்ப்யூட்டர்.”

இவ்வளவு உறுதியாக நான் பேசுவது, ஒன்றும் தெரியாத சமயங்களில் மட்டும்தான். ஆனாலும் வானிலை வந்ததே! வாங்குவதில் குறையில்லை. நீளமாக எதையும் அனுப்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அனுப்புவதற்குக் கோயம்புத்தூர் நண்பர் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். நம் பெட்டியில் தட்டுவது அவர் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் போகும். அது தன் எண்ணிலிருந்து, நாம் சொல்கிற போனுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிவிடும். அனுப்பும் நிரலை நானே எழுதினேன். ஒரு வரியை அனுப்பு. தீப்பெட்டியிடமிருந்து ‘போய்விட்டது, அடுத்ததைக் கொடு’ என்று சைகை வந்தால் அடுத்த வரிக்குப் போ. வராவிட்டால் அதே வரியை மறுபடி அனுப்பு. எவ்வளவு பொறுப்பான நிரல்! அந்தச் சைகை வரவேண்டிய வழி நான் அலங்காரம் என்று விட்ட கம்பிதான் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உட்கார்ந்தோம். பெட்டிக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்திலும் பெரிய எழுத்து மட்டும்தான். ஒரு வரிக்கு நாற்பது எழுத்து. நண்பர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, அண்ணன் எதிரே நிற்பதுபோல் சொன்னார். அந்தத் தமிழை நான் ஆங்கில எழுத்தில் தட்டினேன்.

முதல் வரி: அண்ணே உடனே வூட்டுக்கு வா.

இரண்டாம் வரி: நான் தான் உன் மிஷினு. நல்லா ஓடுறேன்.

மூன்றாம் வரி: தம்பி என்னை ஒடைக்கல.

“கடைசில ‘இப்படிக்கு பொட்டி’ன்னு போடு மாமு.”

போட்டேன். பொத்தானை அழுத்தினேன். திரையில் ஆங்கிலத்தில் ‘அனுப்புகிறேன்’ என்று வந்தது. ஐந்து நிமிடம் கழித்தும் ‘அனுப்புகிறேன்’ என்றுதான் இருந்தது. வானிலைக்கே பதினோரு நிமிடம் ஆயிற்றே, அண்ணன் வானிலையைவிடக் கனமானவர், பொறுங்கள் என்றேன். அவர் மனைவி வந்து பார்த்தார்.

“அது யோசிக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் வந்து பூண்டு உரிங்க.”

உரித்தோம். எறாவைக் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி, நடுவில் கையைத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்துப் பார்த்தார். ஏதோ தட்டினார். பிறகு அரிசி டின்னைத் திறந்து மறுபடி அளந்தார்.

“இவ்ளோ சோறு யாருக்கு?” என்றார் நண்பர்.

“ஞாயித்துக்கெயம. யார்னா வருவாங்க.”

ஒரு மணி வாக்கில் கோயில் மணி அடித்தது. பூசைக்கு அடிக்கிற மணி அல்ல. ஒன்று அடித்து, நிறுத்தி, மூச்சு விட்டு, இன்னொன்று. அந்தக் கோயிலைச் சேர்ந்தவர்களில் யாராவது இறந்தால் அடிக்கிற மணி. நண்பர் பூண்டுக் கையோடு சிலுவை போட்டுக்கொண்டார்.

“யாரோ போய்ட்டாங்க பாவம். நல்ல ஆத்துமாவா இருந்திருக்கணும், ஞாயித்துக்கெயமைல பூட்டுது.”

அவருக்காக நானும் ஒரு நிமிடம் கண்ணை மூடினேன். அந்த நல்ல ஆத்துமா என் எதிரில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தது.

அரை மணி கழித்து வாசலில் ஒரு மினி வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியது ஒரு ரோஜா மாலை. ஆள் உயரம். அதன் பின்னால், ஒரு கையில் மாலையும் மறுகையில் நான்கு வயதுப் பேத்தியுமாக அண்ணன். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. அவருக்குப் பின்னால் அவருடைய மனைவி. அந்த அம்மாளின் கண்ணில் மட்டும் ஒரு சொட்டு நீரில்லை. கொழுந்தன் மேல் அவ்வளவு வெறுப்பா என்று நான் நினைத்தேன்.

சத்தம் கேட்டு நண்பர் பூண்டு வாசனையோடு வாசலுக்குப் போனார். அண்ணன் தம்பி முகத்தைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். மறுபடி தம்பியைப் பார்த்தார்.

“டேய். இன்னாடா உயிரோட கீற?”

“ஏன், கூடாதா?”

“புடிறா இவள!” என்று பேத்தியைத் தம்பி கையில் திணித்தார், மாலையைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால். திணித்துவிட்டு, மாலையாலேயே தம்பியைச் சாத்தத் தொடங்கினார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு கைப்பிடி ரோஜா இதழ் பறந்தது.

“நாப்பத்தேயு தபா! நாப்பத்தேயு தபா ‘அண்ணே ஒடனே வூட்டுக்கு வா’ன்னா, மன்சன் இன்னாடா நெனப்பான்? தெரியாத நம்பரு! திருப்பிப் போட்டா எவனும் எடுக்கல! உன் நம்பருக்குப் போட்டா போவல! எவனோ தெருக்காரன் தகவல் சொல்றான், நீ பூட்டன்னு நெனச்சி, கோயிலுக்குப் போன் பண்ணி மணி அடிக்கச் சொல்லி… எந்தக் கஸ்மாலம்டா அத்த அனுப்புனது?”

நண்பர் குழந்தையை மார்போடு அணைத்து, அடி அதன் மேல் படாமல் முதுகைக் காட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் என்னைச் சுட்டினார். நான் அந்தச் சமயம் கையிலிருந்த பூண்டை மிகுந்த கவனத்தோடு ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

குழந்தை நண்பரின் தலையிலிருந்து ஓர் இதழை எடுத்தாள்.

“நீதான் செத்துப்போன தாத்தாவா?”

“இன்னும் இல்ல கண்ணு,” என்றார் நண்பர். குழந்தையின் தலைக்கு மேல் ஒரு கையைக் குடையாகப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். முப்பது டன் இரும்பு நம்பியிருக்கிற கை. அண்ணனும் பார்த்துவிட்டார். மாலையை இறக்கினார். பேத்தியைத் திருப்பி வாங்க ஓர் அடி எடுத்து வைத்தவர், வாங்காமல், வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

சாவுக்கு வாங்கிய மாலையைத் திருப்பி எடுத்துப்போகக் கூடாது. உயிரோடு இருப்பவனுக்குப் போடவும் கூடாது. “அதுக்குப் போடுங்க,” என்றார் அண்ணி, டிவி பக்கம் கையைக் காட்டி. போட்டார்கள். இதழ் பாதி உதிர்ந்த மாலைக்கு நடுவில் திரை இன்னமும் ‘அனுப்புகிறேன்’ என்றுகொண்டிருந்தது. நான் ஓடிப்போய் நிறுத்துவதற்குள் நாற்பத்தெட்டாவதும் போய்விட்டது. அண்ணன் பையில் போன் கூவியது.

“பாரு அண்ணே,” என்றார் நண்பர், குழந்தையை இறக்காமலேயே. “ஓடுதா? நான் ஒடைக்கல. இன்னாத்துக்கு இத்தினி வருசம் சொல்லிகினு இருந்த?”

அண்ணன் பெட்டியின் கிட்டே வரவில்லை. மேஜை மேல் கிடந்த கருகிய மின்சாரக் கட்டையை ஒரு முறை பார்த்தார். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சரி, நீ ஒடைக்கல. வுடு. சோறு கீதா?”

பெருந்தன்மை என்று நினைத்தேன். ஒரு மனிதன் தன் தவற்றை இவ்வளவு சுருக்கமாக ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. சாப்பிட்டார்கள். குழந்தை நண்பரின் மடியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். துக்கம் விசாரிக்க வந்த தெருக்காரர் இருவருக்கும் இலை போட்டோம். சோறு சரியாக இருந்தது.

எல்லோரும் கிளம்பி, நண்பர் வேன் வரை வழியனுப்பப் போனபோது நான் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். கூட்டிக்கொண்டிருந்த அவர் மனைவியிடம், கொஞ்சம் பெருமையாகவே, “எப்படியோ, பெட்டி ஓடினதால ரெண்டு பேரும் ஒண்ணு சேந்தாங்க” என்றேன்.

“பொட்டியா?” அவர் கூட்டுவதை நிறுத்தவில்லை. “அத்தக் கொளுத்துனதே பெரியவருதான் சார். அன்னிக்கி எல்லாரும் பூசைக்குப் போயிருந்தப்ப தனியா சொருகிப் பாத்துகீறாரு. குப்புன்னு பொகைஞ்சிகீது. மூடி வச்சிட்டு, ஜன்னலத் தொறந்து வுட்டுட்டு, இவர ஸ்விட்ச் போடச் சொல்லிட்டாரு. எனுக்குக் கல்யாணமான வாரமே இவரோட அண்ணி சொல்ட்டாங்க.”

“உங்களுக்கும் அவங்களுக்கும் பேச்சு இருக்கா?”

“தெனம் கீது. இன்னிக்கும் வேன்ல ஏறினதும் மெசேஜ் போட்டாங்க, ‘இன்னாடி, நெஜமாவே பூட்டாரா’ன்னு. இல்லக்கா, பூண்டு உரிச்சிகினு கீறாரு, நீங்க வாங்கன்னேன்.”

எனக்குக் கம்பி கையிலிருந்து நழுவியது. ஐந்து மாதம். எத்தனை பொய் வயிற்றுப்போக்கு. “ஏம்மா, முன்னாடியே இதைச் சொல்லியிருக்கலாமே?”

அவர் ரோஜா இதழ்களை முறத்தில் அள்ளினார்.

“சொல்லியிருந்தா நீங்க ரெண்டு பேரும் ஞாயித்துக்கெயமைல இங்க ஒயுங்கா குந்திகினு இருப்பீங்களா? வேற எங்கனா போயி, நல்லா ஓடிகினு கீற எத்தயாவது பிரிச்சி வச்சிருப்பீங்க.”